மருட்கையும் நகையும்: எட் ராத்தின் காட்சிக் கார்களும் பூதச் சித்திரங்களும்

கலை என்ற சொல்லைக் கேட்டவுடன் கோயிற் சிற்பமும் அரண்மனை ஓவியமும் நினைவுக்கு வருவது இயல்பு. காலத்தால் மூத்தவை, கற்றோர் அவையில் இடம்பெற்றவை ஆகியவற்றையே கலை என ஏற்றுப் பழகிய உள்ளம், எண்ணெயும் இரும்புத் துகளும் சிதறிக் கிடக்கும் பட்டறையிற் பிறந்த ஒன்றைக் கலையென ஒப்புவதற்குத் தயங்கும். அதே பட்டறையிலிருந்து, வீங்கிய விழியும் தொங்கும் நாவும் ஈ மொய்க்கும் உடலுமாக ஒரு பூதம் இளித்துக்கொண்டு வெளிவருமாயின், தயக்கம் வெறுப்பாகவே மாறிவிடும். மாணவன் ஒருவன் பாட ஏட்டின் ஓரத்தில் இத்தகைய பூதத்தை வரைந்துவைத்தால், அதனை அழிக்கச் சொல்லும் ஆசிரியரே மிகுதி. அவ்வாறு அழிக்கச் சொல்வது முறையா என்பது சிறிய வினாவன்று. எது கலை, அதனை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கிறது.

இவ்வினாவை ஆராய்வதற்கு, அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் 1950களிலும் 1960களிலும் தழைத்த 'ஹாட் ராட்' கலை தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அதன் தலைமக்களுள் ஒருவர் 'பிக் டாடி' என்று அழைக்கப்பெற்ற எட் ராத். 1932-ஆம் ஆண்டில் பிறந்து 2001-ஆம் ஆண்டில் மறைந்த அவர், விந்தையான காட்சிக் கார்களையும் அருவருப்பான பூதச் சித்திரங்களையும் ஒரே கையாற் படைத்தவர். பள்ளியில் அவர் பயின்றவற்றுள் மோட்டார்ப் பட்டறைத் தொழிலும் ஓவியமும் அடங்கும். அவ்விரண்டையும் பிரிக்காமலேயே வாழ்நாள் முழுவதும் தொழில் செய்தார் என்பது அவரை மதிப்பிடுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

பட்டறையிற் பிறந்த கலை

ஹாட் ராட் என்பது பழைய காரைப் பிரித்து, வேகத்திற்காக மீண்டும் கட்டிய வண்டி. போர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை கோடிக்கு மேற்பட்ட 'மாடல் டி' கார்களைச் செய்து விற்றது. 1932-இல் எட்டு உருளைகள் கொண்ட வலிய எந்திரத்தைக் குறைந்த விலைக் காரில் பொருத்தித் தந்தது. இவ்வண்டிகள் பழசாகிச் சில டாலர்களுக்குக் கிடைத்தபோது, தென் கலிபோர்னிய இளைஞர் அவற்றை வாங்கினர். சக்கரக் காப்புத் தகடுகளைக் கழற்றி எறிந்தனர்; பாரத்தைக் குறைத்தனர்; எந்திரத்தைத் திருத்தினர்; மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். இவ்வேகப் போட்டிகளை ஒழுங்குபடுத்தும் சங்கம் 1937-இலேயே தோன்றியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, எந்திரப் பழக்கமும் கையிற் சிறிது பணமும் உடைய வீரர்கள் வீடு திரும்பியபின் இவ்வார்வம் பெருகிற்று. 1948-இல் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஓர் இதழ் வெளிவரத் தொடங்கியது.

இக்காலத்தில் டெட்ராய்ட் நகரத்துப் பெருந்தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் காரின் வெளித்தோற்றத்தை மாற்றின. பின்புறத்தில் மீன் துடுப்புப் போன்ற தகடுகள் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து, 1959-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் உச்சத்தை எட்டின. வாங்குவோர் செய்ய வேண்டியது ஒன்றே: பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குதல். காரின் வடிவம் யாரோ சிலருடைய அறையில் முடிவாகி, இலட்சக்கணக்கில் அச்சாகி வந்தது. ஹாட் ராட் இளைஞனோ தன் காரின் வடிவத்தைத் தானே முடிவு செய்தான். அவன் பட்டறை அவனுக்கு வாழ்க்கையில் வாய்த்த முதல் உரிமையிடமாயிற்று. இக்கலையின் வேர் இவ்வுரிமையுணர்விலேயே இருக்கிறது.

வேகத்திற்காகத் தொடங்கிய இம்முயற்சி, 1950களில் காட்சிக்காகவும் வளர்ந்தது. ஓக்லந்து போன்ற நகரங்களில் பெரிய மண்டபங்களில் கார்க் காட்சிகள் நடைபெற்றன. அழகிய காருக்குப் பரிசும் வழங்கப்பெற்றது. ஓடுகின்ற கார் நிற்கின்ற சிற்பமாக மாறிய கட்டம் இது. 'வான் டச்' என்ற புனைபெயரில் அறியப்பட்ட கென்னத் ஹோவர்ட், நீண்ட மயிர்த் தூரிகையால் காரின் உடலில் இழைபோன்ற கோடுகளை இழுத்து, பழைய குதிரை வண்டிக் கைவினையைப் புத்துயிர் பெறச் செய்தார். ஜார்ஜ் பாரிஸ் தொழிற்சாலைக் கார்களை வெட்டித் தாழ்த்தி உருமாற்றினார்; 1966-இல் தொலைக்காட்சியில் தோன்றிய 'பேட்மேன்' தொடரின் கார் அவர் பட்டறையில் உருவானதே. இவர்களுக்கிடையில் எட் ராத்தின் தனித்தன்மை யாது? மற்றவர் பெரும்பாலும் இருந்த காரைத் திருத்தினர்; அவரோ புதிய உடலையே படைத்தார்.

மருட்கை

எஃகுத் தகட்டை அழுத்தி உருவாக்குவதற்குப் பேரெந்திரங்கள் வேண்டும், பெருமுதல் வேண்டும். எட் ராத் தேர்ந்துகொண்டதோ கண்ணாடியிழை. கட்டடத்திற்குப் பயன்படும் வெண்சாந்தைக் குவித்து, அதனைக் கையாலேயே செதுக்கி உருவம் காண்பது அவர் முறை. உருவம் மனத்திற்கு நிறைவளித்தபின், கண்ணாடியிழைத் துணியை அதன்மேல் விரித்துப் பிசின் பூசுவார். பிசின் இறுகியதும் சாந்தை நீக்கிவிட்டால் காரின் மேலுடல் கிடைக்கும். கண்ணாடியிழை அவர் கண்டுபிடித்த பொருளன்று; 1953-இலேயே செவர்லே நிறுவனம் கார்வெட் காரின் உடலை அதனாற் செய்தது. தொழிற்சாலைக்குப் பயன்பட்ட ஒரு பொருளைத் தனிமனிதன் ஒருவனின் கைக்கு உரியதாக்கிக் காட்டியதே அவர் செய்த புதுமை.

1959-இல் வெளிவந்த 'அவுட்லா' இம்முறையில் அவருக்குப் பெயர் தேடித் தந்த முதற் கார். பழைய மாடல் டி வண்டியின் சாயல் அதில் உண்டு. ஆயினும் எந்தப் பழைய வண்டியின் படியும் அன்று அது. அதனை அடுத்து, 1960களின் தொடக்கத்தில் 'பீட்னிக் பேண்டிட்' தோன்றிற்று. அதில் கூரை இல்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி ஊதிய குமிழே ஓட்டுபவரை மூடியது. திருப்பு வளையமும் இல்லை. விமானியின் கைப்பிடி போன்ற ஒற்றைத் தண்டினாலேயே திருப்பவும் விரைவுபடுத்தவும் நிறுத்தவும் அமைத்திருந்தார். 1963-ஆம் ஆண்டின் 'மிஸ்டீரியன்' இரண்டு போர்டு எந்திரங்களைச் சுமந்து, இடமும் வலமும் ஒவ்வாத வடிவத்தில் நின்றது.

இக்கார்களைக் கண்டோர் அடைந்த உணர்ச்சியைத் தமிழ் இலக்கணம் ஒரு சொல்லாற் குறிக்கும்: மருட்கை. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டினை வகுத்து, அவற்றுள் மருட்கை பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கைக் காட்டுகிறது. கண்டறியாத குமிழ்க் கூரை புதுமை. இரட்டை எந்திரம் பெருமை. அளவிற் சுருங்கிய உடல் சிறுமை. ஒன்று மற்றொன்றாக மாறுவதை ஆக்கம் என்று கொண்டால், கைவிடப்பட்ட பழங்கார்களின் உறுப்புகள் விண்கலம் போன்ற ஒன்றாக உருமாறி நிற்பதைக் காட்டிலும் தெளிவான ஆக்கம் வேறில்லை.

இவை ஓட்டிச் செல்வதற்குப் பயன்படாதவை என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. மிஸ்டீரியன் காட்சிக்குக் காட்சி எடுத்துச் செல்லப்பட்டபோது தன் பாரத்தைத் தானே தாங்காமல் சட்டகம் முறிந்து, இறுதியில் பிரிக்கப்பட்டு மறைந்தே போயிற்று. எனினும் கோயில் தேரை எவரும் பயணத்திற்கு உதவாது என்று பழிப்பதில்லை. ஊரார் கூடிப் பார்ப்பதற்கென்றே அமைந்த ஊர்தி அது. காட்சிக் காரையும் அந்நோக்கிலேயே மதிப்பிட வேண்டும். அதன் பயன் செல்லும் தொலைவில் இல்லை. பார்ப்பவன் உள்ளத்தில் அது எழுப்பும் வியப்பில் இருக்கிறது.

நகை

இத்தகைய கார்களைச் செய்தவரே ஏன் பூதங்களையும் வரைந்தார்? முதற்காரணம் எளியது. கார் செய்யப் பணம் வேண்டும். 1950களின் இறுதியில் எட் ராத் கார்க் காட்சிகளில் அமர்ந்து, காற்றுத் தூரிகையால் இளைஞரின் டி-சட்டைகளில் பூதப் படங்களை வரைந்து விற்றார். கூட்டம் சூழ்ந்து நிற்க, கண்முன்னே படம் உருப்பெறும். ஓட்டுபவனோ இராட்சதன்; அவன் காரோ பொம்மை அளவு. பின் சக்கரங்கள் பெருத்துப் புகை கக்கும். ஒரு கை வேகமாற்றிக் கோலை வானளவு உயர்த்திப் பிடித்திருக்கும். விழிகள் பிதுங்கி நரம்போடும். பற்களுக்கிடையே நா தொங்கும். இதே காலத்தில் ஸ்டான்லி மௌஸ் என்பவரும் இவ்வகைச் சட்டைகளை வரைந்தார். பின்னாளில் அவர் சான் பிரான்சிஸ்கோ இசைக்குழுக்களின் சுவரொட்டிகளால் பெரும்புகழ் பெற்றார்.

இப்பூதங்களுள் தலைமை பெற்றது 'ரேட் பிங்க்' என்னும் எலி. 1963-இல் அது சட்டைகளிலும் பொம்மைப் பெட்டிகளிலும் நாடெங்கும் பரவிற்று. காட்டிக்கொடுக்கும் இழிந்தவனைக் குறிக்கும் கொச்சைச் சொல்லே அதன் பெயர். கிழிந்த காது, கூரிய பல், உப்பிய வயிறு, சிவப்புச் சட்டையில் இரண்டு எழுத்துகள், சுற்றிலும் ஈக்கள்: இவை அதன் இலக்கணம். இதனை மிக்கி மௌசின் எதிர்வடிவம் என்று திறனாய்வாளர் கூறுவது பொருத்தமே. 1928-இல் திரைக்கு வந்த மிக்கி, காலப்போக்கில் அமெரிக்க இல்லங்களின் நன்னடத்தைச் சின்னமாகிவிட்டது. 1955-இல் அதே தென் கலிபோர்னியாவில், அனஹைம் நகரில், டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அங்கு தெருவில் தூசி இல்லை. எலிக்கும் அழுக்கு இல்லை. அழுக்கில்லாத அந்த எலிக்கு மறுமொழியாக, உண்மையான எலியின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு ரேட் பிங்க் வந்து நின்றது.

நகை பிறக்கும் நான்கு இடங்களுள் எள்ளலையும் இளமையையும் தொல்காப்பியர் சேர்த்து எண்ணியிருப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ரேட் பிங்க்கின் சிரிப்பு இவ்விரண்டும் கலந்தது. ஒழுங்காக முடிவெட்டி, ஒழுங்கான வீட்டில் இருந்து, ஒழுங்கான காரை வாங்கு என்று சொல்லிய சமுதாயத்தை இளமை எள்ளியது. அருவருப்பை நகையாக்குதல் தமிழ் இலக்கியத்திற்குப் புதிதுமன்று. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் காட்டும் பேய்கள் ஒட்டிய வயிறும் கோரப் பல்லுமாகத் தோன்றி, போர்க்களத்தில் கூழ் அட்டு உண்டு, கற்பவரை அஞ்சவும் நகைக்கவும் செய்கின்றன. அவற்றைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், பூதம் என்ற ஒரே காரணத்தால் ஒரு சித்திரத்தைத் தள்ளிவிட முடியாது.

மருட்கையும் நகையும் ஒன்றையொன்று தாங்கி நின்றதே எட் ராத்தின் சிறப்பு. பளபளக்கும் காரின் அருகில் அழுக்குப் பிடித்த எலி நின்றதனால் அழகு செருக்காக மாறவில்லை. எலியின் அருகில் கார் நின்றதனால் அருவருப்பு வெறும் வக்கரிப்பாகவும் தாழவில்லை. மேலும் இரண்டும் பார்ப்பவனுக்கு ஒரே செய்தியைச் சொல்லின: இதனைச் செய்தது ஒரு மனிதக் கை; உன்னாலும் இது முடியும். சாந்தைக் குவித்த கையும், கூட்டத்தின் முன் தூரிகை பிடித்த கையும் எதனையும் மறைக்கவில்லை. செய்கை வெளிப்படையாக இருந்தவரையில் இக்கலை உயிரோடிருந்தது என்பதே இதன் வரலாறு காட்டும் உண்மை.

எந்திரத்தை மறைத்த கார்

அவ்வுண்மைக்கு அவர் படைப்பே சான்று தருகிறது. 1964-இல் 'ஆர்பிட்ரான்' என்னும் காரை அவர் காட்சிக்குக் கொணர்ந்தார். குமிழ்க் கூரை இருந்தது. உள்ளே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வண்ண முகப்பு விளக்குகள் இருந்தன. ஆயினும் மக்கள் அதனைப் பெரிதாக விரும்பவில்லை. பளபளக்கும் எந்திரத்தை மூடியின்கீழ் மறைத்ததே தோல்விக்குக் காரணம் என்று எட் ராத்தே பிற்காலத்திற் கருதினார்.

இக்கருத்து ஆழமானது. ஹாட் ராட் காரில் எந்திரம் வெறும் உறுப்பன்று. குழாயும் திருகாணியும் வெளித்தெரிய நிற்கும் அவ்வெந்திரமே, இது எவ்வாறு ஆயிற்று என்பதைப் பார்ப்பவனுக்குக் கற்பிக்கும் ஏடு. அதனை மூடியவுடன், டெட்ராய்ட் காரைப் போலவே ஆர்பிட்ரானும் வழுவழுப்பான ஓர் ஓடாகிவிட்டது. வியப்புக்குரிய புதுமைகள் பல இருந்தும், ஆக்கம் கண்ணுக்குத் தெரியாமற் போனதால் மருட்கை குன்றியது. பின்னர் அக்கார் பல கை மாறிக் காணாமற்போய், 2007-இல் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் சிதைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டுச் சீர்செய்யப்பட்டது.

விலைக்கு வந்த எள்ளல்

இக்கலையின் புகழைப் பரப்பிய நிறுவனம் ரெவல். பிளாஸ்டிக் உறுப்புகளைப் பெட்டியில் அடைத்து விற்ற அந்நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் அவுட்லாவையும் பீட்னிக் பேண்டிட்டையும் ரேட் பிங்க்கையும் சிறுவர் ஒட்டிச் சேர்க்கும் பொம்மைகளாக்கியது. 1968-இல் 'ஹாட் வீல்ஸ்' என்னும் சிற்றுருவக் கார்கள் முதன்முதலாக வந்தபோது, அப்பதினாறு கார்களுள் ஒன்றாகப் பீட்னிக் பேண்டிட் இடம்பெற்றது. தொழிற்சாலையை எதிர்த்துப் பிறந்த கார், தொழிற்சாலையிலேயே இலட்சக்கணக்கில் வார்க்கப்பட்டது. இதனை வீழ்ச்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாகாது. பசை தடவி உறுப்புகளைச் சேர்த்த சிறுவன், கார் உறுப்புகளாற் கட்டப்படுவது என்பதைத் தன் விரலால் அறிந்தான். ஆனால் எந்த உறுப்பு எங்கே என்பதை அவனுக்கு முன்பே வேறொருவர் முடிவு செய்திருந்தார். அழைப்பு இருந்தது; உரிமை இல்லை.

இதனினும் கடுமையான குறை ஒன்று உண்டு. 1960களின் நடுவில் எட் ராத் இரும்புச் சிலுவைப் பதக்கங்களையும், ஜெர்மானியப் போர்வீரரின் தலைக்கவசம் போன்றவற்றையும் இளைஞருக்கு விற்றார். பெற்றோரைத் திடுக்கிடச் செய்வதே அவற்றின் நோக்கம். ஆனால் நாஜிப் படையினர் மார்பில் அணிந்து உலகை அழித்த காலம் முடிந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. ரேட் பிங்க் வலியோரின் பெருமையை எள்ளியது. இச்சின்னமோ எவரையும் எள்ளவில்லை. வதைபட்டு மாண்டவர்களின் துயரத்தை விளையாட்டுப் பொருளாக்கியது. எள்ளல் யாரை நோக்கியது என்று கேளாத கலை, நகையின் பெயரால் கொடுமைக்குத் துணைபோகும். இச்சின்னங்களில் செய்கையும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. வாங்கி அணிவதைத் தவிர இளைஞனுக்கு அங்கே வேலை ஏதுமில்லை.

படைப்பாளர் யார் என்பதிலும் நடுநிலை வேண்டும். பிற்காலக் கார்கள் சிலவற்றை வரைந்தவர் எட் நியூட்டன். விளம்பரங்களையும் சித்திரங்களையும் செய்தவர்களுள் ராபர்ட் வில்லியம்ஸ் குறிப்பிடத்தக்கவர். பட்டறையின் புகழ் ஒரே பெயருக்குச் சென்றது. பூதச் சித்திரங்களும் காலப்போக்கில் ஒரே வாய்பாட்டைத் திரும்பத் திரும்ப ஒப்பித்தன. விழி, நா, கோல், புகை என்ற நான்கையும் மாற்றி மாற்றி அடுக்கியதில் முதற் படங்களின் துடிப்பு மறைந்தது. அத்துடிப்பை எண்ணெய் வண்ண ஓவியத்திற்குக் கொண்டுசென்று வளர்த்தவர் வில்லியம்ஸே.

அளவுகோல்

அமெரிக்க எழுத்தாளர் டாம் வுல்ப், 1963-இல் 'எஸ்குவயர்' இதழில் இக்கார்களைப் பற்றி எழுதி, இவற்றைக் கலையாகவே கருத வேண்டும் என்று வாதிட்டார். அன்று பலருக்கு அது வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1993-இல், கலிபோர்னியாவின் லகூனா கலைக்கூடம் வான் டச், எட் ராத், ராபர்ட் வில்லியம்ஸ் ஆகியோரின் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தது. பீட்னிக் பேண்டிட் இரீனோ நகரத்து மோட்டார் வண்டி அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. எட் ராத்தோ 1970-இல் தம் பட்டறையை மூடியபின், ஒரு கேளிக்கைப் பூங்காவில் பலகை எழுதும் ஓவியராகப் பல ஆண்டுகள் உழைத்தார். புகழ் போனபின்னும் தூரிகை கையை விட்டுப் போகவில்லை.

அருங்காட்சியகம் ஏற்றதனால் இவை கலையாகிவிடவில்லை. ஏற்பதற்கு முன்பே கலையாக இருந்தன. அவ்வாறே, அவர் செய்தவை யாவும் கலை என்றும் கொள்ள வேண்டியதில்லை. அவுட்லாவும் பீட்னிக் பேண்டிட்டும் முதற் பூதங்களும் கலை. ஆர்பிட்ரான் கலையில் நேர்ந்த பிழை. இரும்புச் சிலுவை வெறும் வணிகம். இப்பாகுபாட்டைச் செய்யும் அளவுகோல் அழகு, அருவருப்பு என்பதன்று. பழமை, புதுமை என்பதுமன்று. செய்கையை மறையாது காட்டிப் பார்ப்பவனையும் செய்யத் தூண்டுகிறதா, எள்ளும்போது வலியோரை எள்ளுகிறதா அன்றி நலிந்தோரையா என்ற இரண்டு வினாக்களே அவ்வளவுகோல்.

பாட ஏட்டின் ஓரத்தில் பூதம் வரையும் மாணவனிடமும் இவ்விரு வினாக்களைக் கேட்கலாம். அவன் வேறொருவர் வரைந்ததைப் பார்த்து ஒப்பித்திருந்தால், அடுத்த பூதத்தை அவனே எண்ணி வரையுமாறு சொல்லலாம். அது தன்னினும் எளியவனைப் பழிக்குமாயின், அதன் தீமையை எடுத்துரைக்கலாம். இரண்டுமின்றி, அவன் கையும் அவன் நகைப்பும் சேர்ந்து பிறந்த பூதமாக அது இருக்குமாயின், அதனை அழிக்கச் சொல்வதற்கு முன் ஆசிரியர் சற்றே நின்று பார்த்தல் நன்று.